மார்வாரி குதிரைகளின் வம்சாவளி: மரபணுச் சோதனை எதை உறுதி செய்யும்?

ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி குதிரைகளின் விலையை நிர்ணயிப்பதில் வம்சாவளிக்கு முக்கியப் பங்கு உண்டு. உள்நோக்கி வளைந்த காதுகள் இவ்விரு இனங்களின் அடையாளம். ஆனால், குட்டியின் தந்தை எது என்பதைக் காதுகள் சொல்லாது.

பந்தயங்களில் ஓடும் தரோபிரெட் குதிரைகளுக்கு இதற்கான வழிமுறை உள்ளது. அவற்றின் வம்சாவளிப் பதிவேட்டைப் புணேயில் உள்ள ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா பராமரிக்கிறது. குட்டியின் மரபணு, பதிவு செய்யப்படும் பெற்றோரின் மரபணுவுடன் ஒப்பிடப்படுகிறது. குட்டியிடம் காணப்படும் ஒவ்வொரு மரபணுக் குறியீட்டிலும் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். பல குறியீடுகள் பொருந்தாவிட்டால், பதிவில் உள்ள பெற்றோர் தவறு என்பது தெளிவாகும்.

எனினும், பழைய பிழைகளை இச்சோதனை திருத்தாது. தரோபிரெட் பதிவேடு இங்கிலாந்தில் 1791-இல் தொடங்கியது. தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒரே தாய்வழி எனப் பதிவான சில குதிரைகளிடையே வேறுபாடுகள் கண்டறியப்பட்டன.

நாட்டு இனங்களுக்கான பாடம் இதுவே. பொலிகுதிரை இறந்துவிட்டாலோ விற்கப்பட்டுவிட்டாலோ, அதன் மாதிரி இன்றி ஒப்பீடு கடினம். அப்போது நேர்மையான சிறு வளர்ப்பாளரும் தன் குட்டியின் வம்சாவளியை நிரூபிக்க இயலாமல், விலையில் இழப்பைச் சந்திக்க நேரும். ஆகவே, சான்றிதழ் வழங்குவதற்கு முன்பாக, இன்று உயிருடன் உள்ள பொலிகுதிரைகள், பெண் குதிரைகளின் மயிர்வேர் மாதிரிகளைச் சேகரித்துப் பாதுகாப்பதே முதல் தேவை.