மிதிவண்டிகள் ஓடும் நோன்பு நாள்

இஸ்ரேலில் உள்ள டெல் அவிவ், 1909ஆம் ஆண்டில் கடலோர மணல்மேடுகளின்மேல் உருவாகத் தொடங்கிய நகரம். அங்கு யூதக் குடும்பங்களில் பிறந்தும் வழிபாட்டில் அதிகம் ஈடுபடாதவர்களே மிகுதி. யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமையிலும் அங்குப் பல உணவகங்கள் திறந்திருக்கும்; கார்கள் ஓடும். ஆனால், ஆண்டில் ஒரே ஒரு நாள் அந்நகரம் அடியோடு மாறிவிடுகிறது.

அந்த நாளின் பெயர் யோம் கிப்பூர். செய்த பிழைகளுக்கு இறைவனிடம் மன்னிப்பு வேண்டும் நாள் அது. செப்டம்பர் அல்லது அக்டோபர் மாதத்தில் வரும். மாலையில் சூரியன் மறையும் நேரத்தில் நோன்பு தொடங்கும். ஏறத்தாழ 25 மணி நேரத்திற்கு உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை. மறுநாள் இருட்டியதும் ஆட்டுக்கொம்பை ஊதி வழிபாட்டை நிறைவுசெய்வார்கள். ஒருவருக்குச் செய்த தீங்கிற்கு இறைவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது, அவரிடமே நேரில் கேட்க வேண்டும் என்பதும் யூத மரபு.

அன்று விமான நிலையம் மூடப்படும். பேருந்துகள், ரயில்கள் ஓடா. தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பு இருக்காது. சொந்தக் காரை ஓட்டக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்தும், அவசர மருத்துவ வண்டிகளைத் தவிர வேறு வண்டிகளைக் காண்பது அரிது. வெறிச்சோடிய சாலைகளில் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள். மற்ற நாள்களில் கார்கள் சீறிப்பாயும் அயலோன் விரைவுச்சாலையில்கூடச் சிறுவர்களின் சிரிப்பொலி கேட்கும். (விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்பவர்களுக்கும் குறைவில்லை!) நோன்புக்கு முன்பு மிதிவண்டிக் கடைகளில் வியாபாரம் சூடுபிடிக்கும்.

புனித நாளை விளையாட்டு நாளாக்கலாமா என்று சிலர் வருந்துகின்றனர். அந்த வருத்தம் புரிகிறது. ஆயினும், மிதிவண்டி ஓட்டுவது அவமதிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நோன்பிருப்பவர் தெரு நடுவே அமைதியாக நடந்து தொழுகைக்கூடத்திற்குச் செல்ல முடிகிறதென்றால், நம்பிக்கையில்லாத அண்டைவீட்டாரும் தம் காரை வெளியே எடுக்கவில்லை என்பதுதானே பொருள்? யாரும் கட்டாயப்படுத்தாமல் கிடைக்கும் மரியாதை அது. சட்டம் போட்டுப் பெற்றிருந்தால் அதற்கு இந்த மதிப்பு இருந்திருக்காது.

2023ஆம் ஆண்டில் அந்த அமைதி குலைந்தது. நகரின் நடுவிலுள்ள டிசென்கோஃப் சதுக்கத்தில், ஆண்களையும் பெண்களையும் திரையால் பிரித்துக் கூட்டு வழிபாடு நடத்த ஒரு குழுவினர் விரும்பினர். பொது இடத்தில் அத்தகைய தடுப்பு கூடாது என்றது மாநகராட்சி. நீதிமன்றமும் அந்த முடிவை ஏற்றது. இருந்தும், குழுவினர் நாட்டுக்கொடிகளையே திரைபோலக் கட்டினர். எதிர்ப்பாளர்கள் திரண்டனர், கூச்சலும் தள்ளுமுள்ளும் ஏற்பட்டன, வழிபாடு தடைப்பட்டது.

தொழுது கொண்டிருப்பவர்களை நோக்கிக் கத்துவதை என்னால் ஏற்க முடியாது. ஆனால், பூசலுக்கு வித்திட்டது திரைதான். டெல் அவிவில் நூற்றுக்கணக்கான தொழுகைக்கூடங்கள் உள்ளன. அவற்றில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. சதுக்கமோ, நோன்பிருப்பவருக்கும் மிதிவண்டி ஓட்டும் சிறுமிக்கும் சேர்த்தே சொந்தமானது.