காலேஜ் வாத்தியாருக்கு ஆராய்ச்சிப் பணம்: உடன்குடிக்கு என்ன லாபம்?

உடன்குடிக் கருப்பட்டியின் பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் உண்டா?

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து முதல், மழைக்காலத்துச் சுக்குக் காப்பி வரை, கருப்பட்டி இல்லாமல் நடக்காது. அதிலும் "உடன்குடி" என்று சொல்லிவிட்டால் போதும். கூட நாலு காசு கொடுத்து வாங்குவார்கள்.

அந்தப் பெயருக்கு இப்போது சட்டத்தின் காவலும் கிடைத்திருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி, புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. வேறு ஊர்ச் சரக்கை உடன்குடிச் சரக்கு என்று சொல்லி விற்பது குற்றம்.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. சந்தையில் ஒரு தாய் கருப்பட்டியைக் கையில் எடுக்கிறாள். "இது அசல்தானா? சீனி கலந்ததா?" என்று கேட்கிறாள். கடைக்காரர் என்ன செய்வார்? உடைத்துக் காட்டுவார். முகர்ந்து பார்க்கச் சொல்லுவார். சத்தியம் செய்வார்.

சத்தியம் ஆதாரம் ஆகுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தர வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் போலீஸ்காரர் அல்ல, வியாபாரியும் அல்ல. பக்கத்து ஊர்க் காலேஜில் பாடம் சொல்லும் வாத்தியார்!

"காலேஜ் வாத்தியாருக்கும் கருப்பட்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நிறையச் சம்பந்தம் உண்டு.

ஏமாறுகிறவர் யார்?

விடியுமுன் எழுந்து மரம் ஏறுகிறார் பனையேறி. பாளையைச் சீவுகிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துவிடும். ஒரு மரம் அல்ல; பல மரம். ஒரு தடவை அல்ல, தினமும் ஏறவேண்டும். கால் தவறினால் உயிர் போகும். பிழைத்தாலும் இடுப்பு முறியும்.

கீழே விடிலியில் அவர் மனைவி அடுப்பு மூட்டுகிறாள். புகையில் கண் எரியப் பதநீரைக் காய்ச்சுகிறாள். பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி ஆறவைக்கிறாள். அதுதான் கருப்பட்டி.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த சரக்கு சந்தைக்கு வருகிறது. பக்கத்திலேயே சீனி கலந்த சரக்கும் வருகிறது. அது விலை மலிவு. பார்வைக்கு இரண்டும் ஒன்று. எது விற்கும்?

ஏமாறுவது வாங்குகிற தாய் மட்டும் அல்ல. நேர்மையாகக் கருப்பட்டி காய்ச்சுகிற குடும்பமும்தான். கலப்படம் பெருகினால், மரம் ஏறுகிறவர் மகனை ஏறவிடமாட்டார். ஏற ஆள் இல்லாத பனை, செங்கல் சூளைக்குத்தான் போகும்.

விஞ்ஞானம் காட்டும் வழி

கலப்படத்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானத்தில் வழி இருக்கிறதா? இருக்கிறது.

செடியும் மரமும் காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சாப்பிட்டுத்தான் இனிப்பைச் செய்கின்றன. பனை ஒரு முறையில் சாப்பிடுகிறது. கரும்பு வேறு முறையில் சாப்பிடுகிறது. அந்த வாயுவில் உள்ள கரியில் லேசான வகை உண்டு. கனமான வகையும் உண்டு. கரும்பின் இனிப்பில் கனமான வகை சற்றே அதிகம். பனையின் இனிப்பில் அது குறைவு.

இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. ஆனால் அதை அளந்து சொல்ல மிஷின் இருக்கிறது. தேனில் கரும்புச் சீனி கலந்திருக்கிறதா என்று பல நாடுகளிலும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். நம் நாட்டிலும் தேனுக்கு இந்தச் சோதனை உண்டு.

மிஷின் விலை மிக அதிகம். அதனால் அது பட்டணத்துப் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில்தான் இருக்கும். சிறிய காலேஜ் வாங்க முடியாது. ஆனால் பனை உடன்குடியில் அல்லவா இருக்கிறது? எந்தத் தோப்பு, எந்த மாதம், எந்த மண், எவ்வளவு சுண்ணாம்பு என்று பார்த்து, சரக்கைச் சேகரிக்க வேண்டும். வருஷக்கணக்கில் குறிப்பு எழுத வேண்டும். இந்த வேலையை உள்ளூர் வாத்தியார்தான் செய்ய முடியும்.

பட்டணத்து மிஷினையும் உடன்குடிப் பனையையும் சேர்த்து வைப்பது எது? அதற்குப் பெயர்தான் ஆராய்ச்சிப் பணம்!

கடல் கைவிட்டது, ஆராய்ச்சி கைகொடுத்தது

இது வீண் கனவு அல்ல. இந்தக் கரையிலேயே நடந்த கதை ஒன்று உண்டு.

தூத்துக்குடி என்றால் முத்து. பாண்டியர் காலத்திலிருந்து அந்தப் புகழ். 1955 முதல் 1961 வரை சர்க்கார் முத்துக்குளிப்பு நடத்தியது. அதோடு சரி. அதன் பிறகு சிப்பி விளைச்சல் கைகொடுக்கவில்லை. மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கியவர்கள் வேறு பிழைப்புப் பார்த்தார்கள்.

கடல் மூடிய கதவை ஒரு விஞ்ஞானி திறந்தார். அவர் பெயர் அழகர்சாமி. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் அவருடைய குழு ஆராய்ச்சி நடத்தியது. சிப்பியைப் பக்குவமாகத் திறந்து, உள்ளே ஒரு சிறு மணியை வைத்தார்கள். இன்னொரு சிப்பியின் சதைத் துண்டையும் சேர்த்து வைத்தார்கள். மறுபடியும் கடலில் விட்டார்கள். சிப்பி அந்த மணியின்மேல் பளபளப்பைப் பூசியது.

1973-ம் ஆண்டு ஜூலை மாதம் உருண்டையான முத்து கிடைத்தது. இந்தியாவிலேயே முதல் வெற்றி! 1981-ல் தூத்துக்குடி ஆராய்ச்சிக்கூடத்தில் சிப்பிக் குஞ்சுகளையும் வளர்த்துக் காட்டினார்கள்.

இந்த வெற்றிக்கு வேண்டியவை மூன்று: சம்பளம், ஆராய்ச்சிக்கூடம், அவசரப்படாத காலம். மூன்றையும் சர்க்கார் கொடுத்தது.

ஆனால் ஜப்பானைப்போல நம் கரையில் முத்து வளர்ப்பு பெரிய தொழிலாகவில்லை. அதுவும் ஒரு பாடம். ஒரு தடவை பணம் கொடுத்து, ஒரு தடவை கைதட்டினால் போதாது. தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

பணம் எங்கே இருக்கிறது?

"சர்க்காரிடம் திட்டமே இல்லையா?" என்று கேட்கலாம். திட்டத்துக்குக் குறைவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு ஒரு காலத்தில் காலேஜ் ஆசிரியர்களுக்குச் சிறு ஆராய்ச்சித் திட்டம், பெரு ஆராய்ச்சித் திட்டம் என்று இரண்டு வகையில் பணம் கொடுத்தது. சின்ன ஊர் வாத்தியார்கள் பலர் அதை நம்பித்தான் முதல் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 2017-ல் ஐந்தாண்டுத் திட்டங்கள் முடிந்தன. அந்த வாய்க்காலும் வற்றியது.

2023-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. 5 ஆண்டில் 50 ஆயிரம் கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். அதில் பெரும் பகுதி சர்க்காருக்கு வெளியே, கம்பெனிகள் முதலியோரிடமிருந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு.

பெரிய கல்விக்கூடம் சிறிய கல்விக்கூடத்தைக் கைபிடித்து நடத்த ஒரு திட்டமும் வந்தது. வண்டிச் சக்கரத்தின் குடம் போல நடுவில் பெரியது. ஆரக்கால் போலச் சுற்றிலும் சிறியவை. நல்ல யோசனை! ஆனால் முதல் கட்டத்தில் ஆரக்காலாக நின்றவையும் பல்கலைக்கழகங்களும் பெரிய தொழில்நுட்பக் கல்விக்கூடங்களும்தான். சிற்றூர்க் காலேஜ் வாசலுக்குச் சக்கரம் உருண்டு வரவேண்டும்.

உடன்குடிக்குப் பக்கத்து ஊர் குலசேகரன்பட்டினம். அங்கே ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி மாதம் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் விடுகிற இஸ்ரோவும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கிறது. கிள்ளிகுளம் விவசாயக் கல்லூரியில் பனையைப் பற்றிய ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆகவே வழி இல்லாமல் இல்லை. வழியில் முள் கிடக்கிறது!

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். நம் நாடு ஈட்டும் 100 ரூபாயில் ஆராய்ச்சிக்குப் போவது சுமார் 64 காசு. சின்ன நாடான தென்கொரியா 100-க்குக் கிட்டத்தட்ட 5 ரூபாய் செலவிடுகிறது. பானையில் சோறு கொஞ்சம் என்றால், கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சும்? கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருப்பது சிற்றூர்க் காலேஜ்.

வாத்தியாரும் படிக்க வேண்டும்

பணம் மட்டும் போதுமா? போதாது. வாத்தியார் தினமும் புதிதாகப் படிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்திய நோட்டையே இன்றும் வாசித்தால், பிள்ளைகள் கதி என்ன?

இதற்காக 1987 முதல் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சிக் கூடங்கள் ஏற்பட்டன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் ஒன்று உண்டு. 2023 முதல் அவை மாளவியா பெயரில் நடக்கின்றன. பதவி உயர்வு வேண்டுமானால் பயிற்சிக்குப் போகவேண்டும்.

போகிறார்கள். சான்றிதழும் வாங்குகிறார்கள். ஆனால் சான்றிதழுக்காகப் போவது வேறு; வித்தைக்காகப் போவது வேறு. ஒரு மாதம் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கி, மிஷினைக் கையால் தொட்டு வேலை பழகினால், அது ஆயுள் முழுவதும் பயன் தரும்.

நேரமும் வேண்டும். உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும் என்பது விதி. அதோடு பரீட்சைத் தாள், அட்மிஷன் வேலை, கணக்கு வேலை. ஆராய்ச்சிக்கு எப்போது உட்காருவார்? ராத்திரியிலா?

ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்துப் பதவி உயர்வு என்றார்கள். உடனே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலிப் பத்திரிகைகள் முளைத்தன. கருப்பட்டியில் கலப்படம் போல, ஆராய்ச்சியிலும் கலப்படம்! இதற்கு இடம் கொடுத்த வாத்தியார்கள் நெஞ்சில் கைவைத்துப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

இனி என்ன செய்யலாம்?

முதலாவது: ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைச் சிற்றூர்க் காலேஜுகளுக்கு என்றே ஒதுக்க வேண்டும். ஐந்தாறு லட்சம் ரூபாய் பட்டணத்துக் கூடத்துக்குச் சில்லறை. திருச்செந்தூர், சாயர்புரம் பக்கத்துக் காலேஜுக்கு அது புதையல்.

இரண்டாவது: ஒப்புக்கொண்ட பணம் காலத்தில் வரவேண்டும். பதநீர் அதன் பருவத்தில்தான் சுரக்கும். பணம் ஐப்பசியில் வந்தால், எந்த மரத்தில் ஏறுவது?

மூன்றாவது: ஆராய்ச்சி செய்யும் வாத்தியாருக்கு வகுப்பு நேரத்தில் கொஞ்சம் குறைக்க வேண்டும். அந்த வகுப்பை எடுக்க வேறு ஆள் போடவேண்டும்.

நான்காவது: கௌரவ விரிவுரையாளர்களை மறக்கக் கூடாது. நிரந்தர வேலை இல்லை என்ற ஒரே காரணத்தால் பல திட்டங்களின் கதவு அவர்களுக்கு மூடியிருக்கிறது. திறமை நிரந்தரம், வேலைதான் தற்காலிகம்!

ஐந்தாவது: ஆராய்ச்சி முடிவை ஊராருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பனையேறியின் தோப்பில் எடுத்த கணக்கு, பனையேறிக்குப் புரியாத மொழியில் அலமாரியில் தூங்கினால் யாருக்கு லாபம்?

பிள்ளைகளுக்கும் லாபம்

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அதுதான் பெரிய லாபம்.

இந்த வட்டாரக் காலேஜுகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்கள். அப்பா மரம் ஏறுகிறார். அல்லது கடலுக்குப் போகிறார். அம்மா விடிலியில் நிற்கிறாள். அல்லது உப்பளத்தில் நிற்கிறாள்.

வாத்தியார் ஆராய்ச்சி செய்தால், அந்தப் பிள்ளை அவர் பக்கத்தில் நிற்கும். சோதனைக் குழாயைப் பிடிக்கும். தன் அப்பா இறக்கிய பதநீரில் விஞ்ஞானம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். பிறகு அப்பா தொழிலைச் சொல்ல அது கூச்சப்படுமா?

ராக்கெட் குலசேகரன்பட்டினத்திலிருந்து வானத்துக்குப் போகட்டும். எல்லோருக்கும் மகிழ்ச்சியே. அதே கரையில், ஒரு காலேஜ் வாத்தியார் ஒரு கருப்பட்டித் துண்டைச் சோதித்து, "இது அசல்" என்று கையெழுத்துப் போடும் நாளும் வரட்டும்.

அன்று சந்தையில் நிற்கும் தாய் சத்தியம் கேட்கமாட்டாள். மரம் ஏறியவருக்கு உழைத்த கூலி கிடைக்கும்.

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் தானம் அல்ல, விதை. பனங்கொட்டை முளைத்துப் பலன் தர வருஷம் பல ஆகும். அதற்காக யாராவது நடாமல் இருந்தார்களா?