தேவந்தி வந்து சேர்ந்த இடம்
கடற்கரைச் சாலையில் மாலை தடுப்பைப் போட்டு வண்டிகளை நிறுத்தியபின், காந்தி சிலையருகே உட்கார்ந்து சிலப்பதிகாரத்தை மறுபடி படித்து முடித்தேன். மூன்று காண்டம், ஊரே எரிகிற மாயக்கதை. கடைசியான வஞ்சிக் காண்டம் என்றால் மேடைகளில் இமயக் கல்லும் அதைச் சுமந்த வடநாட்டு மன்னர் கனகவிசயரும்தான். எனக்கென்னவோ, கதையை முடித்துவைப்பவள் கண்ணகியின் தோழி தேவந்தி. கணவன் திரும்பிவரக் குளத்தில் நீராடலாம் வா என்று புகாரில் அவள் கூப்பிட்டாள், கண்ணகி மறுத்துவிட்டாள். அந்தத் தோழிதான் கடைசியில் செவிலியோடும் அடித்தோழியோடும் மதுரைக்கு வந்து, தாய் மாதரியைத் தீக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் ஐயையையும் கூட்டிக்கொண்டு, வையைக் கரையோடு மலைநாடு சேர்கிறாள். கண்ணகி கோயில் பூசையை அவளிடம்தான் ஒப்படைக்கிறான் சேர மன்னன் செங்குட்டுவன்.