அறிவோம் வாரீர்: 'அஜைல்' என்னும் பணிமுறை

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணிப்பொறித் துறையில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் பலர். "ஸ்பிரிண்ட் முடியவில்லை", "காலையில் ஸ்டாண்டப் இருக்கிறது" என்று அவர்கள் உரைக்குங்கால், பெற்றோர் பொருள் விளங்காது வாளாவிருக்கின்றனர். இச்சொற்களின் பின்னே நிற்கும் 'அஜைல்' முறையை இத்திங்கள் சுருக்கமாக நோக்குவோம்.

மென்பொருள் ஆக்குவோர் நெடுங்காலம் பாலம் கட்டுவோரைப் போன்றே தொழில் நடத்தினர். தேவைகள் அனைத்தையும் முதலில் எழுதி முடிப்பர், பின்னர் வரைவு, அதன்பின் ஆக்கம், இறுதியிலேயே சோதனை. கீழே விழுந்த நீர் மேலேறாதவாறு போல, கடந்த படிக்கு மீளுதல் கடினமாதலின் இது 'நீர்வீழ்ச்சி முறை' எனப் பெயர் பெற்றது. ரயில் பாலத்துக்கு இது பொருந்தும். தூண் எழுந்தபின் அதனை இடம் மாற்ற இயலாதன்றோ? மென்பொருளோ திருத்தத்தக்கது. மேலும், தமக்கு வேண்டுவது யாதென்பதை, பயன்படுத்துவோர் கண்ணாற் கண்ட பின்னரே தெளிவுறச் சொல்ல வல்லராகின்றனர்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 வல்லுநர் கூடி, நான்கு மதிப்புகளை அறிவித்தனர். விதிமுறையினும் கருவியினும் மனிதரும் அவர்தம் உரையாடலும் மேல். ஏட்டினும் இயங்கும் மென்பொருள் மேல். ஒப்பந்தப் பேரத்தினும் வாடிக்கையாளரோடு ஒத்துழைத்தல் மேல். திட்டத்தைப் பற்றி நிற்றலினும் மாற்றத்துக்கு இசைதல் மேல். திட்டமும் ஏடும் வேண்டாவென்பது இதன் பொருளன்று. இவற்றுடன் பன்னிரண்டு கோட்பாடுகளும் வகுக்கப்பட்டன.

இவ்வழியில் பெரிதும் வழங்குவது 'ஸ்க்ரம்'. ஒரு திங்களுக்கு மேற்படாத காலக்கூறே ஸ்பிரிண்ட். அதற்குள் பயன்படத்தக்க ஒரு பகுதியை முடித்து, உரியவரிடம் காட்டிக் கருத்தறிதல் வேண்டும். நாள்தோறும் 15 நிமிடம் குழுவினர் கூடித் தம் பணியை ஒழுங்கு செய்வது ஸ்டாண்டப். அது மேலதிகாரிக்குக் கணக்கு ஒப்புவிக்கும் இடமன்று.

இதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கப் புலனாய்வுத் துறையாகிய எஃப்.பி.ஐ., வழக்குக் கோப்புகளைப் பேணுதற்குச் செய்வித்த மென்பொருள், ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பின் 2005-இல் கைவிடப்பட்டது. 2006-இல் தொடங்கிய 'சென்டினல்' திட்டமும் தாமதமுற்றது. 2010-இல் துறையே அதனை நேரில் ஏற்று, சிறு குழுவைக் கொண்டு அஜைல் முறையில் பகுதி பகுதியாகச் செய்தது. 2012-இல் அது வழக்கத்துக்கு வந்தது.

ஸ்பிரிண்ட் என்னும் சொல்லுக்கு விரைவோட்டம் என்பது பொருள். அதனால், இரவு பகலாக உழைப்பதே இம்முறை என்று மயங்குவோர் உளர். பன்னிரண்டு கோட்பாடுகளுள் ஒன்றோ, எந்நாளும் தாங்கத்தக்க சீரான வேகத்தையே வற்புறுத்துகின்றது. நள்ளிரவு விழிப்பே வழக்கமாகுமாயின், அஜைல் என்ற பெயர் உண்டு, அம்முறை இல்லை.

ஊரும் உறவும் விட்டு வந்து வாழும் நம் பிள்ளைகள் இதனை அறிதல் வேண்டும். முடியாததை முடியாதென்று அக்காலைக் கூட்டத்திலேயே பணிவுடன் உரைப்பது இழுக்கன்று. வண்டி தாமதமாயின் அடுத்த நிலையத்துக்கு முன்னரே அறிவிக்கின்றோம். அறிவித்த தாமதத்துக்கே மாற்று ஏற்பாடு செய்ய முடியும். பெற்றோரும், "வேலை முடிந்ததா?" என்பதோடு நில்லாது, "யாரிடம் காட்டினாய்? அவர் என்ன சொன்னார்?" என்றும் கேட்பாராக.