ஒரு கழித்தல் கணக்கு

யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025ஆம் ஆண்டு தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகளாகவே வந்தன. எண்ணிக்கை இருநூறைத் தாண்டியும் நிற்கவில்லை. அதில் ஒன்று நாலைந்து வயதுப் பிள்ளையுடையது. பக்கத்திலே நீல நிறப் பள்ளிக்கூடப் பை. ஒரு விளையாட்டுப் பொம்மை. அதே மயானத்தில் ஒரு சூப்பிப் போத்தலும் வந்தது. பை தூக்கிய பிள்ளையை மண்ணுக்குள் போட்டவர்கள் யார், எதற்காகப் போட்டார்கள் என்று எந்த நாட்டுப் பள்ளிக்கூடம் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறது?

செம்மணி எங்களுக்குப் புதுப் பெயர் இல்லை. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசாமி உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாள் எழுதிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். செம்மணிக் காவலரணில் இராணுவம் மறித்தது. தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூடத் திரும்பவில்லை. நாலு பேருடைய உடலும் மண்ணுக்குள் கிடந்தது. 1998இல் அந்த வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட சிப்பாய் ஒருவரே, இன்னும் 300, 400 உடல்கள் அங்கே புதைந்திருக்கின்றன, இடம் காட்டுகிறேன் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டினார்கள். 15 உடல்களை எடுத்தார்கள். அத்தோடு விட்டுவிட்டார்கள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை ஐயா! அடுத்த பாடத்துக்கு என்ன படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்திருக்கும் பிள்ளை!

நான் வன்னியில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். 2008 கடைசியில் தர்மபுரத்தில் மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி வகுப்பு நடத்தினோம். கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் நான் வாய் திறக்க முன்னமே பிள்ளைகள் எழும்பிப் பங்கருக்குள் இறங்குவார்கள். இறங்கும்போது பென்சிலையும் அழிறப்பரையும் கைக்குள் பொத்திக்கொண்டு போவார்கள். அவை தொலைந்தால் வேறு வாங்க வழியில்லை என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. வரவு இடாப்பை மாத்தளன் மட்டும் கொண்டு திரிந்தேன், பிறகு தவறிவிட்டது. பெயர்களெல்லாம் வாயில் நிற்கின்றன. வரிசை பிசகாமல் இப்போதும் கூப்பிடுவேன். எத்தனை பேர் பதில் சொல்வார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்றைக்கு நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். மகள் இங்கே பத்தாம் வகுப்பு. வரலாற்றுப் பாடத்துக்கு விரும்பிய தலைப்பில் ஒப்படை செய்யச் சொன்னார்கள். போரின் கடைசியில் எங்கள் சனம் செத்த முள்ளிவாய்க்காலை அவள் எடுத்தாள். நான் எடுக்கச் சொல்லவில்லை. அம்மம்மாவுடைய படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். இது சர்ச்சைக்குரிய விடயம், மற்றப் பக்கத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வேறு தலைப்பு எடு என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். மகள் வந்து கேட்டாள்: "அம்மா, மற்றப் பக்கம் எண்டால் ஆர்? அம்மம்மாவுக்குச் செல்லடிச்சவையளோ?"

நான் என்ன சொல்ல? எத்தனையோ பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன எனக்கு, என் வயிற்றில் பிறந்தவளுக்குச் சொல்ல ஒரு சொல் வரவில்லை.

ஸ்காபரோ இருக்கும் இதே ஒன்ராறியோ மாகாணத்தில் 2023 செப்டெம்பர் முதல் ஆறாம் வகுப்புக்கு யூத இனப்படுகொலை கட்டாயப் பாடம். ரொறன்ரோ பள்ளிக்கல்விச் சபை 2008இலேயே பதினோராம் வகுப்புக்கு இனப்படுகொலை பற்றித் தனிப் பாடநெறி வைத்தது. அதில் யூதர் உண்டு, ஆர்மீனியர் உண்டு, ருவாண்டாவின் துட்சி மக்கள் உண்டு. செப்டெம்பர் 30இல் என் மகள் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போவாள், வதிவிடப் பள்ளிகளில் செத்துப்போன பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக. நான்தான் முதல் நாளே அந்தச் சட்டையைத் தோய்த்து மினுக்கி வைப்பேன். அந்தப் பாடங்கள் இன்னும் கூடட்டும். அந்தத் தாய்மாருடைய கண்ணீரும் என்னுடையதும் ஒன்றுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவுஷ்விட்ஸ் பற்றி எழுதும் பிள்ளையிடம் நாசிகளுடைய பக்கத்தையும் சேர்த்து எழுது என்று எந்த ஆசிரியராவது கேட்பாரா? கேட்டால் இந்த மாகாணம் பொறுக்குமா? எங்கள் பிள்ளையிடம் மட்டும் ஏன் கேட்கலாம் என்றாகிவிட்டது?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. விஜய் தணிகாசலம் கொண்டுவந்த 104ஆம் இலக்கச் சட்டமூலம் 2021 மே மாதம் ஒன்ராறியோ சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஒவ்வொரு வருடமும் மே 18இல் முடியும் ஏழு நாட்கள் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரம். சட்டமூலம் நிறைவேறிய அன்று இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை, தொலைபேசியில் ஆளாளுக்கு அழுதோம். அடுத்த வருடம் மே 18இல் கனடா நாடாளுமன்றம் அந்த நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாள் என்று ஏகமனதாக ஏற்றது. மாகாணச் சட்டத்தை விட்டார்களா? அதை எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022இல் தோற்றார்கள், 2024இல் மேன்முறையீட்டிலும் தோற்றார்கள், 2025 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மனுவை எடுக்கவே மறுத்துவிட்டது. எங்கள் சாவை நினைத்து அழ ஒரு வாரம் தந்ததற்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் இழுத்தார்கள்!

அத்தனைக்குப் பிறகும் அந்தச் சட்டம் ஒரு பள்ளிக்கூடத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. மாகாண மக்கள் தாங்களாக அறிந்துகொள்ளும்படி ஊக்கம் தருகிறது, அவ்வளவுதான். அதனால் மே மாதம் வந்தால் ஒரு பள்ளிக்கூடத்தில் காலை அறிவித்தலில் ஒரு வரி வாசிப்பார்கள், அடுத்த பள்ளிக்கூடத்தில் அதுவும் இல்லை. ஆசிரியருக்குத் தெரிந்தால், அவருக்கு மனமும் இருந்தால், அந்த வகுப்புக்கு அதிர்ஷ்டம்.

ஊரிலே நிலைமை வேறு. நான் படித்த வரலாற்றுப் புத்தகத்தில் துட்டகைமுனுவும் எல்லாளனும் யானைமேல் நின்று சண்டை பிடித்தார்கள், அதை மனப்பாடம் செய்தோம். 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாண நூலகம் அந்தப் புத்தகத்தில் இல்லை. 83 ஜூலைப் படுகொலைகள் இல்லை. படிப்பித்த நாங்களும் கரும்பலகையில் அதை எழுதவில்லை. புத்தகத்தில் இல்லை என்றால் நினைவாவது இருக்கட்டும் என்று விட்டார்களா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் கட்டிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவோடிரவாக இடித்தார்கள். பிள்ளைகள் பட்டினி கிடந்து போராடித்தான் அதைத் திரும்ப எழுப்பினார்கள். 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்களைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். அரிசியும் தண்ணியும் உப்பும்! முள்ளிவாய்க்காலில் வேறொன்றும் கிடைக்காத காலத்தில் அதைத்தான் குடித்தோம். அதை இன்றைய பிள்ளைகளின் கையில் ஊற்றிக் கொடுத்து, உன் சனம் இதைக் குடித்துத்தான் உயிர் தப்பியது என்று சொன்னால் அது குற்றம்.

ஆதாரம் வேண்டும் என்கிறீர்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. 2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்க வரிசையில் நின்ற பெண்கள், பிள்ளைகள்மேல் செல் விழுந்ததை அதில் எழுதியிருக்கிறார்கள். செத்த தாய்மார் சிலருடைய கையில் பால்மா அட்டை இறுகப் பிடித்தபடி இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த அட்டையைக் கண்டவள். பிள்ளையின் வயது குறித்த சின்னத் துண்டு. ஒரு பிள்ளைக்குப் பால்மா வாங்கப் போனவர்களை எந்தப் போரின் கணக்கில் சேர்ப்பது? அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள்ளே அது நடந்தது.

எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் அந்தக் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. அடுத்த வருடம் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு, 70,000 பேருக்கு மேல் கணக்கில் வரவில்லை என்ற நம்பத்தகுந்த தகவலைச் சுட்டிக்காட்டியது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னால் போய் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் கச்சேரிக் கணக்கின்படி 429,059 பேர். போர் முடிந்து அரசாங்கத்தின் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? எல்லாரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. எங்கே என்று கேட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் செய்துவிடக்கூடிய கணக்கு. 2021 ஏப்ரல் முதலாம் திகதி அவர் கண்மூடும் வரைக்கும் யாரும் அதற்கு விடை சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. மூன்று எண்ணையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, யார் எண்ணியிருக்க வேண்டும், யார் எண்ண விடவில்லை என்று அவர்களே கேட்கட்டும். இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் இருக்கிறதா?

விடுதலைப் புலிகளைப் பற்றியும் படிப்பியுங்கள். அதே ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் அவர்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதும் தப்பி ஓடிய சனத்தைச் சுட்டதும் இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளையின் அண்ணனைக் கொண்டுபோன அன்று அந்தத் தாய் படலையைப் பிடித்துக்கொண்டு கத்தியது எனக்கு மறக்காது. 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் சனத்தை உடுத்த உடுப்போடு துரத்தியதும் பாடத்தில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களிலேயே சிலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். கதைக்காமல் இருக்கட்டும். ஆனால் அதைக் காட்டிப் பால்மா வரிசையை மூடப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரிகள்மேல் விழுந்த செல்லை அது நியாயப்படுத்தாது. வன்னியில் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று சொல்லி அந்த அளவுக்குச் சாப்பாடு அனுப்பியவர்களின் பொய்யை அது உண்மையாக்காது.

மகளுடைய வகுப்புக்கு நானே போனேன். ஆசிரியை மரியாதையானவர், கதிரை தந்தார், தண்ணீர் தந்தார். வகுப்பில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுடைய மனம் நோகக்கூடாது என்றார். சிங்களப் பிள்ளையின் மனம் நோக நான் ஒருநாளும் நினைக்கமாட்டேன். அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. ஜெர்மன் பிள்ளைகள் தங்கள் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்துதானே தங்கள் தாத்தாமார் காலத்தில் நடந்ததைப் படிக்கிறார்கள்? என் மகளின் மனம் மட்டும் ஏன் கணக்கில் வரவில்லை? அம்மம்மாவின் சாவுக்கு இரண்டு பக்கம் தேடி எழுது என்ற அன்று அவள் இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. அதை யார் கேட்டீர்கள்?

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. பத்தாம் வகுப்பு வரலாற்றில் இடம் வேண்டும். ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி வேண்டும், தெரியாததை அவர்களால் சொல்லிக்கொடுக்க முடியாது, அதற்கு அவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. தப்பி வந்த எங்களை வகுப்புக்குள் கூப்பிடுங்கள். எங்களில் பலர் இந்த நகரத்தில் தொழிற்சாலைகளிலும் கோப்பிக் கடைகளிலும் இரவு வேலை செய்கிறோம், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருவோம். சட்டம் தந்த வாரத்தை வைத்துக்கொள்கிறோம், அதற்கு நன்றி. ஆனால் பரீட்சைக்கு வராத பாடத்தைப் பிள்ளைகள் புரட்டியும் பார்க்கமாட்டார்கள், படிப்பித்த எனக்கு அது நன்றாகத் தெரியும். எங்களுக்குப் பாடவேளை வேண்டும். புள்ளி போடுகிற பரீட்சையில் அம்பலவன்பொக்கணை பற்றி ஒரு கேள்வி வர வேண்டும்.