சோளகமும் ஷிரோக்கோவும்



போன ஞாயிறு, கபோச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற எங்கட வீட்டு மாடியில் நாலைந்து பேர் கூடியிருந்தோம். ஆபிரிக்கப் பக்கமிருந்து தெற்குக் காற்று அனலாய் வீசியது. "ஷிரோக்கோ வந்திட்டுது" என்றான் தங்கச்சியின்ர ஆறு வயது மகன். பக்கத்து வீட்டு அம்மம்மா, தீவுப் பக்கத்துக் கடற்கரை ஆள், சிரித்தா. "ஊரிலயெண்டா தெற்கால வாறதைச் சோளகம் எண்டுவம். வடக்கால வந்தா வாடை, கிழக்கால கொண்டல், மேற்கால கச்சான்." எந்தக் காற்றுக்கு வள்ளம் இறக்கலாம், எதுக்கு இறக்கக்கூடாது என்று அரை மணித்தியாலம் சொன்னா. எனக்கு அதுவரைக்கும் வாடை எண்டா மணம் மட்டும்தான். ஐந்து பேரிடமும் கைபேசி இருந்தது. ஒருவரும் பதிவு செய்யவில்லை.

இந்த மாதம் வேறு விஷயம் எழுத இருந்தேன். அதை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கட வாட்சப் குழுக்களில் அடிக்கடி சுத்துகிற படம் ஒன்று இருக்கிறது: நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணி. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரிமார் அச்சுக்காரர் 1830களில் நாட்டின் வடபகுதியில் அதைக் கண்டார். மவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். முகையதீன் பக்சின் கப்பல் மணி என்று அதில் தமிழில் பொறித்திருந்தது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எத்தனை வருடம் பழையது, எப்படி அங்கே போனது என்பதில் இன்னும் முடிவில்லை. எங்கட ஆக்களுக்கு மட்டும் முடிவு தெரியும்: "தமிழன்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடிச்சவன்!" பல நூற்றாண்டுகளாய் அங்கே வாழ்ந்த மவோரி மக்கள் இந்தக் கதையில் கிழங்கு அவிக்க மட்டும் வருகிறார்கள். காலனிக்காரன் சொன்ன கதையைத்தான் நாங்கள் தமிழில் திருப்பிச் சொல்லுகிறோம்.

அந்த மணிக்குப் பின்னால் இருக்கிற மொழிக்கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது.

கொலென்சோ 1837இல் மவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர். பிறகு பெரிய மவோரி அகராதி ஒன்றைத் தொகுக்கத் தொடங்கினார். அரசாங்கம் முதலில் காசு தந்தது, பிறகு நிறுத்தியது. அவர் சாவதற்கு முதல் வருடம், 1898இல், ஒரு சிறு பகுதி மட்டும் அச்சில் வந்தது. ஆனால் மவோரிக்கு அகராதி இல்லாமல் போகவில்லை. இன்னொரு பாதிரியார் வில்லியம்ஸ் 1844இலேயே ஒன்று வெளியிட்டிருந்தார். அது பதிப்புப் பதிப்பாய் வளர்ந்தது. சொற்கள் பத்திரமாய்ப் புத்தகத்தில் ஏறின. அதே நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அந்தச் சொற்களைக் கதைத்த பிள்ளையளுக்கு அடி விழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடும்பங்கள் வேலை தேடி ஊரை விட்டு நகரங்களுக்கு வந்தன. அங்கே பிறந்த பிள்ளையளுக்கு ஆங்கிலம் மட்டும்தான் வந்தது.

அந்தப் பிள்ளையள்தான் எங்கட ஆக்கள். ஒக்லாந்தில் அவர்கள் 'ங்கா தமத்தோவா' என்ற இளைஞர் அமைப்பைக் கட்டினார்கள். அவர்களில் பலருக்குத் தங்கட மொழி கதைக்க வராது. "தெரியாதவைக்கு என்ன உரிமை?" என்று ஒதுங்காமல், மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கினார்கள். 1972 செப்டெம்பர் 14இல், பள்ளிகளில் மவோரி கற்பிக்கக் கேட்டு, 30,000க்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு பாராளுமன்றத்துக்குப் போனார்கள்.

அதற்கடுத்த வருடங்களில் ரிச்சர்ட் பென்டன் தலைமையில் மவோரிக் குடும்பங்களிடையே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. யார் யாரோடு எந்த மொழியில் கதைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளையளோடு மவோரியில் கதைக்கிற வீடுகள் மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆவணப்படுத்தல் அந்த இடத்தில் போராட்டத்துக்கு ஆதாரமாய் மாறியது. 1982இல் முதலாவது 'கோஹங்கா ரேயோ', அதாவது மொழிக்கூடு, திறந்தது. பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளையளையும் மொழி தெரிந்த பாட்டன் பாட்டிமாரையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான் திட்டம். 1987இல் மவோரி அரசகரும மொழியாகியது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிஜித் தீவுக்கு 1903 முதல் மதராசிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். தமிழர் அங்கே 1926இல் சங்கம் அமைத்துப் பள்ளிக்கூடங்களும் கட்டினார்கள். இருந்தும் இன்று அவர்களின் பேரப்பிள்ளையள் வீட்டில் பெரும்பாலும் பிஜி இந்திதான் கதைக்கிறார்கள். கரும்புத் தோட்டத்தில் எல்லாரையும் இணைத்த மொழி அதுதான். வேலைத்தலத்தின் மொழி வீட்டுக்குள் வந்தது. மொழி அழிவதற்குப் பாசக்குறைவு காரணமில்லை.

இங்கேயும் அதுதான் நடக்குது. விடிய வெளிக்கிட்டு இரண்டு வீடு துடைத்து, ஒரு கிழவியைப் பராமரித்து, இரவு திரும்பும் அம்மாவிடம் "பிள்ளையோட தமிழ் கதையுங்கோ" என்று புத்தி சொல்ல எனக்கு வாய் வராது. ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளை எழுத்துப் படிக்கும். சோளகம் எந்தப் பாடத்தில் வரும்?

இத்தாலிய அரசை நம்பவும் இடமில்லை. 1999ஆம் ஆண்டின் 482ஆம் இலக்கச் சட்டம் 12 சிறுபான்மை மொழிகளைப் பாதுகாக்கிறது. பலெர்மோவுக்குப் பக்கத்தில் பியானா தெலி அல்பானேசியில் கதைக்கிற அல்பேனிய மொழி அதில் உண்டு. கபோவில் மீன்காரர் கூவுகிற சிசிலிய மொழி இல்லை. 1977 முதல் 2002 வரை ஐந்து தொகுதி அகராதி போட்டும் இல்லை. குடியேறிய எங்கட மொழி எங்கே வரப்போகுது?

ஆகவே தோழர்களே, மூன்று வேலை.

ஒன்று: உங்கட வீட்டு மூத்தவரைப் பதிவு செய்யுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். அது அவருடைய குரல், அவருடைய சொத்து. எங்கே வைக்கலாம், யார் கேட்கலாம் என்று அவரே சொல்லட்டும்.

இரண்டு: பதிவின் தொடக்கத்திலேயே திகதி, ஊர், பேசுபவர் யார் என்று சொல்லுங்கள். பசிபிக் மொழிகளைப் பதிந்த ஆய்வாளரின் பழைய ஒலிநாடாக்கள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பழுதாகிக் கிடந்தன. அவற்றை மீட்க 2003இல் அவுஸ்திரேலியாவில் பாரடிசெக் என்ற காப்பகம் தொடங்க வேண்டி வந்தது. பெயரில்லாத கோப்பு கைபேசியில் இருந்தாலும் இல்லாததுதான்.

மூன்று: இதுதான் கஷ்டம். அம்மம்மா பகல் முழுக்கத் தனிய இருக்கிறா. பிள்ளை பள்ளி விட்டு வந்து இன்னொரு அறையில் டப்லெட்டோட இருக்குது. இரண்டு பேரையும் ஒரே அறையில் இருத்துவோம். கிழமைக்கு இரண்டு பின்னேரம், முறை போட்டு நாங்கள் நிற்போம். வேலைக்குப் போகிற தாய்மாருக்கும் அது பெரிய உதவி.

எங்கட மாடியில் வாற புதன் தொடங்குகிறோம். அம்மம்மா வாறன் எண்டு சொல்லியிருக்கிறா. "உங்களுக்கும் சேர்த்துத்தான் படிப்பிப்பன்" என்றும் சொன்னா. தமிழ் சரியாய் வராது என்று கூச்சப்படுகிற தோழர்கள் கட்டாயம் வாருங்கள்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக, கபோவிலிருந்து