சூடேறும் பெட்டிகளும் சுரணையற்ற வாதங்களும்

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எனது பெறாமகன் குடும்பத்துடன் வசித்து வருகிறான். பனிக்காலத்தில் அவனது வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தபோது, நிலக்கீழ் அறையில் அவனது மூத்த மகன் தன் கைப்படச் செய்துவைத்திருந்த ஓர் அடுக்கைக் காண நேர்ந்தது. மேலிருந்து கீழாக எட்டுத் தட்டுகள். தட்டொன்றுக்கு மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள், மேசை இழுப்பறைகளைப் போல இழுத்துத் திறக்கலாம். பெட்டிக்கு ஒன்றாக 24 பல்லிகள். லெப்பர்ட் கெக்கோ எனப்படும் புள்ளிப் பல்லிகள் அவை.

நான் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள், மேல்தட்டிலிருந்த ஒரு பல்லியின் வயிற்றுப்புறம் கொப்புளித்துத் தோல் கழன்றிருப்பதைப் பையன் கண்டான். மிருக வைத்தியர் அது சூட்டுக்காயம் என்றார். மருந்து பூசினார்கள். நான்காம் நாள் அது இறந்துபோனது. தட்டுகளுக்கு அடியில் ஓடிய வெப்பப் பட்டியைப் பற்றி நான் கேட்டபோது பையன் சொன்ன பதில் இதுதான்: "அப்பப்பா, எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம். கன வருசமாச் செய்யினம். ஒண்டும் நடக்கேல்லை."

அந்தப் பையனோடு எனக்குக் கோபமில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த வாதத்தைக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கும் பெரியவர்களோடுதான் எனக்கு வழக்கு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லி வளர்ப்பதையும் விற்பதையும் பகுதிநேரத் தொழிலாகக் கொண்டுள்ள அனுபவசாலிகளில் ஒரு சாரார், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் கருவி அவசியமில்லை, கை வைத்துப் பார்த்தால் போதும் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பல்லி வளர்ப்பைப் பற்றி எழுத உமக்கென்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பல்லியைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பமே. ஆனால் "மின்னொழுக்கு காரணமாகத் தீ பரவியிருக்கலாம் எனப் பொலிஸார் சந்தேகிக்கின்றனர்" என்ற வசனத்தைப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்த காலத்தில் எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த வசனங்களுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்காரர்கள் அனைவரும் முதல்நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லியிருக்கக் கூடியவர்களே.

வீட்டில் செய்த பொருள் என்பதற்காக நான் இதனைக் குறைகூறவில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிகளுக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். கைவேலையின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த டைனமோ தந்தது ஆறோ பன்னிரண்டோ வோல்ற். பிழைத்தால் வானொலி நிற்கும், அவ்வளவுதான். நிலக்கீழ் அறையில் மரப்பலகைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கும் நடுவே சுவரிலிருந்து எடுத்த 120 வோல்ற்றை இரவு பகலாக ஓடவிடுவது வேறு சங்கதி.

அந்தப் பட்டியைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தாள். இரு ஓரங்களிலும் செப்பு நாடா. நடுவே மின்சாரம் பாயும்போது சூடேறும் கரிமைப் பூச்சு. அடிக்கணக்கில் வெட்டி விற்கிறார்கள். வாங்குபவரே முனையில் உலோகக் கௌவியைக் குத்தி, வயரை இணைத்து, மின்காப்பு நாடாவால் சுற்றிக்கொள்ள வேண்டும். மூன்று அங்குல அகலப் பட்டி அடியொன்றுக்குச் சுமார் 10 வாட் வெப்பம் தரும். பையனின் அடுக்கில் தட்டுக்கு மூன்றடி வீதம் 24 அடி, ஆக 240 வாட். பழைய 60 வாட் குமிழ்கள் நான்கை ஒரு மர அலுமாரிக்குள் இரவு பகலாக எரியவிடுவதற்குச் சமன். 120 வோல்ற்றுக்கென ஆக்கப்பட்ட பட்டியை அமெரிக்காவிலிருந்து தருவித்து 230 வோல்ற் உள்ள நாட்டில் மாட்டினால், வெப்பம் இரு மடங்கல்ல, ஏறத்தாழ நான்கு மடங்காகும். வோல்ற்றளவின் வர்க்கத்திற்கேற்ப வலு கூடும் என்பது நாம் பாடசாலையில் படித்ததே. ஐரோப்பாவிலுள்ள வாசகர்களின் பிள்ளைகள் யாராவது இதில் இறங்கியிருந்தால் முதலில் இதைப் பார்க்கட்டும்.

பட்டிக்குத் தன் சூட்டைத் தானே நிறுத்தத் தெரியாது. அது ஒரே அளவில் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அந்த வெப்பம் வெளியேற வழி இருக்கும் வரை சூடு ஓரளவில் நிற்கும். கீழே தடித்த பலகை, மேலே பெட்டி, பெட்டிக்குள் இரண்டங்குல மணல் என்று வழியை அடைத்தால் அடியிற் சூடு ஏறிக்கொண்டே போகும். மேலே கை வைத்துப் பார்ப்பவருக்கு மணல் இளஞ்சூடாகத்தான் தெரியும். குழி தோண்டிப் படுக்கும் பல்லிக்குத்தான் அடியிலுள்ள சூடு தெரியும்.

பையன் ஒன்றுமே செய்யாமல் விட்டவன் அல்லன். டிம்மர் ஒன்றைப் பூட்டியிருந்தான், விளக்கின் ஒளியைக் குறைக்கும் திருகி. அறை 17 பாகையில் இருந்தபோது கீழ்த்தட்டை அளந்து, பெட்டியின் அடித்தளம் 33 பாகை செல்சியஸ் வரும்படி திருகி நிறுத்தியிருக்கிறான். அது சரியான அளவுதான். ஆனால் டிம்மர் வெப்பநிலையை அறியாது, மின்சாரத்தின் அளவை மட்டுமே குறைக்கும். அறை ஏழு பாகை சூடேறினால் பட்டியும் ஏழு பாகை கூடச் சூடேறும். சூடு மேலெழும் ஆதலால் மேல்தட்டு முதல் நாளிலிருந்தே ஐந்து பாகை கூடுதலாக இருந்திருக்கிறது. அதை அவன் அளக்கவில்லை.

அறை எதற்காகச் சூடேறியது? ஊரிலிருந்து வந்த கிழவனுக்குக் குளிரும் என்று பெறாமகன் வீட்டுச் சூடாக்கியைக் கூட்டிவிட்டான். நிலக்கீழ் அறையில் அடுத்த கதவுக்குள் படுத்திருந்தவன் நான். 17 பாகையாக இருந்த இடம் 24 பாகையானது. பல்லி இறந்த பின் அளந்து பார்த்தோம், மேல்தட்டில் 45 பாகையைத் தாண்டியிருந்தது. நான் கம்பளிக்குள் சுகமாகத் தூங்கிய எட்டு இரவுகளும் அது அந்தத் தளத்தில் கிடந்திருக்கிறது.

சுட்டால் விலகிப் போகாதா என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். ஊர்வன தம்மைச் சுடும் பரப்பிலிருந்து உடனே விலகிவிடும் என்று நம்பியிருக்க முடியாது என்றார் வைத்தியர். தவிர, அந்தப் பெட்டியில் ஒளிந்துகொள்ள இருந்த ஒரேயொரு மறைவிடம் பட்டியின் மேல்தான் இருந்தது. பகலில் மறைந்திருக்கும் பிராணிக்கு, குளிர்ந்த பக்கத்தில் மறைப்பில்லை என்றால், சூடும் மறைவும் ஒன்று, குளிர்மையும் அச்சமும் ஒன்று. எதைத் தெரிவது?

இது ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வடமேற்கு இந்தியாவிலும் கற்பாங்கான வறண்ட நிலங்களில் வாழும் உயிரினம். எங்கள் வீட்டுச் சுவர்ப் பல்லியைப் போல ஒட்டும் பாதமில்லை. ஆனால் அதற்கில்லாத கண்ணிமை இதற்குண்டு. வெயிலில் சூடேறிய கல்லை அந்தியில் தேடிவரும், போதுமென்றால் வளைக்குள் போய்விடும். தன் உடற்சூட்டை இடம் மாறி இடம் மாறியே சரிசெய்துகொள்ளும் பிராணிக்கு, மாறுவதற்கு இடம் வேண்டும். ஆகவே பட்டி பெட்டியின் மூன்றிலொரு பங்கின் கீழே மட்டும் ஓடவேண்டும், மற்றப் பக்கம் 25 பாகையளவில் குளிர்ந்திருக்க வேண்டும். "கீழ்ச்சூடுதான் இதற்குத் தேவை" என்ற வேதவாக்கை வைத்துக்கொண்டு அடித்தளம் முழுவதையும் அடுப்பாக்குகிறவர்கள் அந்தக் கல்லை மட்டும் பார்த்தார்கள், வளையைப் பார்க்கவில்லை.

எனக்கு உண்மையில் ஆத்திரமூட்டுவது வேறொன்று. இப்பல்லியின் முட்டை ஆணாவதா பெண்ணாவதா என்பதை அடைகாக்கும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. 26 பாகையில் பெரும்பாலும் பெண், 32.5 பாகையளவில் பெரும்பாலும் ஆண். அதற்கும் மேலே 34, 35 என்று போனால் மீண்டும் பெண். ஒஸ்ரினிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் என்ற ஆய்வாளர் குழுவினருடன் நீண்டகாலம் ஆராய்ந்த விடயம் இது. விற்பனைக்கு வளர்ப்போர் இதனை நன்கறிவார்கள். பெண் குஞ்சு இனப்பெருக்கத்துக்கு வேண்டும் என்பதால் முட்டைப்பெட்டிக்கு நல்ல தேர்மோஸ்டாட் வாங்கிப் பூட்டி, அரைப் பாகை பிசகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். முட்டைக்கு அரைப் பாகைக் கணக்கு! பொரித்த குஞ்சு அடுக்குக்குப் போனதும் கை வைத்துப் பார்த்தால் போதுமாம். அப்படியானால் தேர்மோஸ்டாட் தேவையில்லை என்று அவர்கள் நம்பவில்லை. இலாபம் உள்ள இடத்தில் தேவை, இல்லாத இடத்தில் தேவையில்லை என்றே நம்புகிறார்கள். செலவு என்று சொல்லவும் அவர்களுக்கு வாயில்லை. தோலின் நிறத்துக்காக ஒரு பல்லிக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுப்பவர்கள், அந்தப் பணத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் கருவியை விலை கூடியதென்று சொல்வது வேடிக்கை.

தேர்மோஸ்டாட் வாங்கி விட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நான் சொல்லவரவில்லை. அதன் உணரி பட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் அசையாமல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பெட்டியை இழுக்கும்போது அது கழன்று தரையில் விழுந்தால், தரையின் குளிரை அளந்து, இன்னும் போதாதென்று பட்டியை முழு வீச்சில் எரியவிடும். கருவியே இல்லாததைவிட இது மோசம். கருவி பழுதாகி மூடாமலும் போகலாம் என்பதால், சில பாகை கூடுதலாக வைத்த இரண்டாவது தேர்மோஸ்டாட்டை அதனோடு தொடராகப் பூட்டுவோர் உண்டு. அவர்கள்தான் விபரம் தெரிந்தவர்கள். பட்டியை ஒட்டுவதற்கு அலுமினிய நாடாவைப் பயன்படுத்துவோரும் உண்டு. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நான் சொல்லித்தானா அவர்கள் அறியவேண்டும்?

ஸ்காபரோ அடுக்கை மறுநாளே கழற்றினோம். பையன் ஒவ்வொரு தட்டிலும் பட்டியளவுக்குப் பலகையைக் குழித்தான், பெட்டி உரசாமல் இருக்க. அடுக்கை இரண்டாகப் பிரித்து, மேல் நான்கு தட்டுகளுக்கு ஒரு தேர்மோஸ்டாட், கீழ் நான்குக்கு இன்னொன்று. இரண்டின் உணரிகளும் அந்தந்தப் பகுதியின் ஆகச் சூடான தட்டில். புகையறியும் கருவி ஒன்று அடுக்குக்கு நேர் மேலே. ஒவ்வொரு பெட்டியிலும் குளிர்ந்த பக்கத்துக்கும் ஒரு மறைவிடம் வைத்தான், யோகட் கோப்பையைக் கவிழ்த்து வாசல் வெட்டி. எனக்குத் தந்திருந்த அறைச் சூட்டைக் குறைக்கச் சொன்னேன். பெறாமகன் சம்மதிக்கவில்லை. விமானம் ஏறும் நாள் காலையில் நானும் பையனுமாக 23 பெட்டிகளையும் ஒருமுறை அளந்தோம். கீழ்த்தட்டுகள் 31, மேல்தட்டுகள் 32. அறை அப்போதும் 24 பாகையில்தான் இருந்தது.